தடித்த கிளையில் ஒரு மாளிகை

காட்டின் நடுவே நெட்டிக்குளம். அதன் கரையில் ஒரு கருவேல மரம், தண்ணீரில் முகம் பார்ப்பதுபோலச் சாய்ந்து நின்றது. முதல் மழை விழுந்ததும் தூக்கணாங்குருவிகள் அந்த மரத்துக்குப் படையெடுத்து வந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கம் காது கொடுத்து நிற்க முடியாது.

மனிதர்கள் பெண் பார்க்கப் போவார்கள். தூக்கணாங்குருவிகளிடம் அந்த வழக்கம் தலைகீழ். அங்கே பெண்கள்தான் வீடு பார்க்க வருவார்கள். அதுவும் முழு வீடு அல்ல, பாதி வீடு!

ஆண்குருவி நாணல் இலையைக் கீறி, நார் நாராக உரித்து, கவிழ்த்த சட்டியைப் போலப் பாதிக் கூடு பின்னும். அடியில் குறுக்கே ஒரு கயிறு விடும். அந்தக் கயிற்றில் உட்கார்ந்து சிறகடித்து, “வாங்க! வாங்க!” என்று கூவும். பெண்குருவி வந்து இழையை இழுத்துப் பார்க்கும். கயிற்றில் ஊஞ்சலாடிப் பார்க்கும். பிடித்துப்போனால் அங்கேயே உட்கார்ந்துவிடும். உடனே ஆண்குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். ஆண்குருவி அந்தப் பாதிக் கூட்டை அறுத்துத் தண்ணீரில் தள்ளிவிட்டு, வேறு கிளையில் புதிதாகத் தொடங்கும். அழுகை கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது.

எல்லாம் நாணல் பச்சையாக இருக்கும்வரைதான். நாணல் பழுத்துவிட்டால் நார் வளையாது, ஒடியும். அதற்குள் ஒரு துணை வந்து உட்காரவில்லை என்றால் அந்த வருஷம் குஞ்சு இல்லை. ஊரெல்லாம் குஞ்சு கத்த, வெறும் மரத்தில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த மரத்தில் மஞ்சணத்தான் என்று ஓர் இளங்குருவி இருந்தான். போன வருஷம் அவன் தலையில், வளர்ந்த ஆண்குருவிக்கு ஏறும் மஞ்சள் நிறம் ஏறவில்லை. எந்தப் பெண்ணும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வருஷம் மஞ்சள் பளபளவென்று ஏறியிருந்தது. எப்படியும் இந்த மழைக்குள் தன் கூட்டில் குஞ்சுக் குரல் கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே தவிப்பு.

தொழிலில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆண்குருவிகளுக்கு முதல் மழைக்கு முன்னால் பாடம் நடக்கும். முடிச்சுப் பாடம், பாரப் பாடம், காற்றுப் பாடம். மூன்றிலும் அவனே முதல். நான்காவதாக ஒரு பாடம் உண்டு. ‘எதை விட்டு எதை எடுப்பது’ என்று அதற்குப் பேர். கொக்கு வாத்தியார் எடுப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பார். ஒற்றைக் காலில் நின்றபடி, குரல் ஏறாமல் இறங்காமல் எடுப்பார்.

“முடிச்சுப் போடறவனுக்கு இந்தப் பாடம் எதுக்குடா?” என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தும்பி பிடித்தார்கள். மஞ்சணத்தான் மட்டும் கடைசி வரிசையில் இலை மறைவில் புது முடிச்சு ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தான். கொக்கு வாத்தியார் யாரையும் கண்டிக்கவில்லை. பாடம் முடிந்ததும் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

மழை வந்தது. எல்லாரும் குளத்துக்கு மேலே நீண்ட மெல்லிய கொம்புகளில் இடம் பிடித்தார்கள். மஞ்சணத்தான் மட்டும் அடிமரத்துக்குப் பக்கத்தில், கரைக்கு மேலே, தடித்த கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

பக்கத்துக் கொம்பில் சடையன் கூடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் முடிச்சு எப்போதும் தொளதொளவென்று இருக்கும். கூட்டிலிருந்து நார்கள் சடைசடையாகத் தொங்கும். பேர் அப்படித்தான் வந்தது.

“என்ன மாப்ளே, அங்கே போய் உட்கார்ந்துட்டே?” என்றான் சடையன்.

“இந்தக் கொம்பெல்லாம் என் கூட்டைத் தாங்காதுடா. நான் கட்டப்போறது கூடு இல்லை, மாளிகை!”

“சரி, பாதி முடிஞ்சதும் கூப்பிடு, வந்து பார்க்கிறேன்.”

“பாதியா? பாதிப் பாட்டைப் பாடி எவனாவது கைதட்டு வாங்குவானா? முழுசாக் கட்டிட்டுத்தான் காட்டுவேன். பார்க்கிறவங்க மயக்கம் போட்டு விழணும்!”

“விழுந்தா கீழே தரைதானே இருக்கு, அடிபடுமே!” என்று சிரித்துவிட்டு, சடையன் தன் தொளதொள முடிச்சுக்குத் திரும்பினான்.

மஞ்சணத்தான் வேலையைத் தொடங்கினான். ஆஹா, என்ன வேலை! ஒவ்வொரு முடிச்சும் கல்லில் செதுக்கியதுபோல இருந்தது. காற்று அடித்தால் கூடு ஆடவில்லை. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. முட்டைக்கு ஓர் அறை, குஞ்சுக்கு ஓர் அறை, காற்று வாங்க ஒரு மேல்மாடம்.

அந்தத் தடித்த கிளைக்குக் கீழே, அடிமரத்தில் ஓர் ஓணான் வெயில் காய்வது வழக்கம். மஞ்சணத்தான் ஒவ்வொரு வரிசை பின்னியதும் கீழே குனிந்து கேட்பான்.

“எப்படி இருக்கு, அண்ணே?”

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

“மேல்மாடம் கொஞ்சம் அகலமா இருக்கலாமோ?”

ஓணான் ஆட்டும்.

“இல்லை, இதுவே போதுமோ?”

அதற்கும் ஆட்டும்.

ஓணானுக்குத் தலையாட்டுவது மூச்சு விடுவது மாதிரி. எறும்பு போனாலும் ஆட்டும், இலை விழுந்தாலும் ஆட்டும். ஆனால் மஞ்சணத்தானுக்கு அது தோன்றவில்லை. ‘ரசனை உள்ளவர்’ என்று நினைத்துக்கொண்டான். அந்த ஓணான் ஒருநாளும் கூட்டில் குடியிருக்கப்போவதில்லை, முட்டையிடப்போவதில்லை என்பதும் தோன்றவில்லை.

மாளிகை முடிந்தது. மஞ்சணத்தான் வாசலில் உட்கார்ந்து சிறகடித்து, “வாங்க! வாங்க!” என்று கூவினான். பெண்குருவிகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் பெயர் கருங்கண்ணி. அவள் வீடு பார்த்தால் ஒரு குறையும் தப்பாது என்று மரத்தில் பேச்சு.

“அம்மாடி! எவ்வளவு பெரிசு!” என்றாள் ஒருத்தி.

“பெருக்கித் துடைக்கவே பொழுது போயிடும் போல!” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் கீச்கீச்சென்று சிரித்தார்கள்.

கருங்கண்ணி கூட்டுக்குள் போகவே இல்லை. கிளையில் இறங்கினாள். அடிமரத்திலிருந்து கூடு வரைக்கும் தத்தித் தத்தி நடந்தாள். ஒரு தடவைகூட அவள் கால் வழுக்கவில்லை.

“கிளை நல்ல தடிமன்” என்றாள்.

“ஆமாங்க!” என்று மஞ்சணத்தான் மார்பை நிமிர்த்தினான். “நானே தேடிப் பிடிச்சது!”

கருங்கண்ணி ஒருமுறை அவனைப் பார்த்தாள். ஒருமுறை கீழே தரையைப் பார்த்தாள். பறந்துவிட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

மஞ்சணத்தான் யோசித்தான். ‘கிளையைப் பாராட்டினாள். அப்படியானால் குறை கூட்டில்தான் இருக்கிறது. இன்னும் ஏதோ போதவில்லை.’

மறுபடியும் வேலையில் இறங்கினான். இரண்டாவதாக ஒரு வாசல் வைத்தான். வாசலிலிருந்து அறைக்குப் போக வழவழவென்று ஒரு நடை கட்டினான். களிமண் கொண்டுவந்து உள்சுவரில் அப்பினான். அந்த ஈரமண்ணில் மின்மினிகளைப் பதித்து விளக்கு வைத்தான்.

பெண்குருவிகள் மறுபடி வந்தார்கள். கிளையைப் பார்த்தார்கள். போனார்கள்.

அதே சமயம் சடையனின் பாதிக் கூட்டையும் ஒருத்தி வந்து இழுத்துப் பார்த்தாள். இழுத்த இழை அலகோடு வந்துவிட்டது.

“இது கூடா, குப்பையா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சடையன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. மேல் முடிச்சை அலகால் கடித்தான். பாதிக் கூடு பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. ஒரு தவளை அதில் ஏறி உட்கார்ந்து மிதந்துகொண்டே போனது.

மஞ்சணத்தானுக்கு நெஞ்சு பதறியது. “அடப் பாவி! மனசாட்சி இருக்காடா உனக்கு? எத்தனை நாள் உழைப்பு! அறுத்துத் தண்ணியில போடறியே!”

“உழைப்பா? அது எப்பவோ போயிடுச்சு, மாப்ளே. இப்போ தொங்கினது வெறும் புல்லு” என்றான் சடையன்.

“உனக்கு வலிக்கலையா?”

“வலிக்குது. வலிக்குதுன்னு விட்டு வச்சா புல்லு கூடாயிடுமா? நகரு, பச்சை நார் தீரறதுக்குள்ள அடுத்ததை ஆரம்பிக்கணும்.”

அடுத்த கூட்டில் சடையன் முடிச்சைக் கொஞ்சம் இறுக்கினான். அதையும் ஒருத்தி வேண்டாம் என்றாள். அறுத்தான். அதற்கடுத்ததில் இன்னும் இறுக்கினான். அதில் ஒருத்தி வந்து ஊஞ்சலாடினாள், ஆடிக்கொண்டே இருந்தாள், இறங்கவில்லை. சடையன் சந்தோஷத்தில் தலைகீழாகத் தொங்கினான்.

மஞ்சணத்தானுக்குச் சிரிப்பு வந்தது. ‘இவ்வளவுதானா? இந்தத் தொளதொளக் கூட்டுக்கா?’ சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மாளிகையின் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்தான். காற்று அருமையாக வந்தது. வாங்குவதற்கு அவன் ஒருவன்தான் இருந்தான். ‘எனக்குக் குஞ்சு வேண்டும் என்றுதானே இதைத் தொடங்கினேன்? எப்போது இந்தக் கூடே எனக்குக் குஞ்சாகிவிட்டது?’ இந்தக் கேள்வி ஒரு முள்ளைப்போல உறுத்தியது. அதற்குப் பதில் தேடுவதைவிட இன்னொரு வரிசை பின்னுவது சுலபமாக இருந்தது. பின்னினான்.

பின்னி முடித்த பிறகும் அந்த முள் அங்கேயே இருந்தது. அந்த நான்காவது பாடத்தில் இதைப்பற்றி ஏதோ சொன்னதுபோல அவனுக்கு மங்கலாக ஒரு ஞாபகம். குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் கொக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். மஞ்சணத்தான் போய் அருகில் இருந்த கோரையில் உட்கார்ந்தான்.

“வணக்கம், வாத்தியாரே!”

“உஸ்! கெண்டை வருது.”

“ஒரே ஒரு சந்தேகம், வாத்தியாரே. கட்டினதை விட்டுடறதா, மேலே கட்டறதா?”

“அந்தப் பாடம் நடந்தப்போ நீ எங்கே இருந்தே?”

“கடைசி வரிசையில.”

“தூங்கினியா?”

“இல்லை வாத்தியாரே! சத்தியமா இல்லை. முடிச்சுப் பழகிட்டிருந்தேன்.”

“முடிச்சுக்காக என் பாடத்தை விட்டே. இப்போ கெண்டைக்காக நான் உன்னை விடறேன். ரெண்டையும் ஒரே வாயில கவ்வ முடியாது. பாடம் அவ்வளவுதான்.”

சளக்! அலகு தண்ணீருக்குள் போய் வந்தது. அலகில் கெண்டை துடித்தது. அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

மஞ்சணத்தானுக்குக் கோபம் வந்தது. ‘பெரிய வாத்தியார்! மேலே கட்டு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை’ என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான்.

மாளிகைக்கு எதிரே மெல்லிய கொம்பு ஒன்றில் கருங்கண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். மஞ்சணத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசர அவசரமாகத் தலை மஞ்சளைச் சிலிர்த்துக்கொண்டான்.

“உங்ககிட்ட நேராகவே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள் அவள். “உங்க முடிச்சு மாதிரி இந்த மரத்துல யார்கிட்டயும் இல்லை.”

“அப்படின்னா உள்ளே வாங்க! விளக்கு வச்சிருக்கேன், பாருங்க!”

“உள்ளே வரமாட்டேன். கிளை தடிமன்.”

“அதைத்தான் போன தடவையும் பாராட்டினீங்க!”

“பாராட்டினேனா?” கருங்கண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “படிச்சவர்னு சொன்னாங்களே! உங்க மாளிகையைத் தாங்குற கிளை வேற யாரையெல்லாம் தாங்கும்னு யோசிச்சீங்களா?”

“யாரை வேணும்னாலும் தாங்கும்! அவ்வளவு பலம்!”

கருங்கண்ணி பெருமூச்சு விட்டாள். “சரி. இதோ, தண்ணிக்கு மேலே இந்த நுனிக்கொம்பு காலியா இருக்கு. இதுல பாதிக் கூடு கட்டுங்க. பாதி போதும். நான் வந்து பார்க்கிறேன். ஆனா சீக்கிரம். நாணல் பழுக்க ஆரம்பிச்சிருச்சு.”

“இவ்வளவு கட்டியாச்சேங்க! இதை எப்படி விடறது? ரெண்டு வாசல் இருக்கு. மேல்மாடம் இருக்கு…”

“குடியிருக்கப் போறது நான். வாசல் எத்தனைன்னு நான் கேட்கவே இல்லையே!” என்று சொல்லிவிட்டு அவள் பறந்தாள்.

மஞ்சணத்தான் அந்த நுனிக்கொம்பைப் பார்த்தான். காற்றில் அது பேய்பிடித்தவள் போல ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி மாளிகையைப் பார்த்தான். அது அசையாமல் நின்றது. வெயிலில் அதன் முடிச்சுகள் மின்னின. ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று மனம் சொன்னது. ‘நடையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் அவளே மயங்கி வந்துவிடுவாள். இவ்வளவு போட்டது வீணாகலாமா?’

நடையை நீட்டினான். அதற்காகப் பறித்ததோடு குளத்தின் இந்தக் கரையில் பச்சை நாணல் தீர்ந்துபோனது.

நல்ல உச்சிவெயில். கடைசி நாருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு அவன் நிமிர்ந்தபோது, பின்னால் யாரோ, “அருமை! அருமை!” என்று சொன்னார்கள்.

திரும்பினான். தடித்த கிளையில், தன் உடம்பு முழுவதையும் சாவகாசமாக நீட்டிப் படுத்திருந்தது ஒரு சாரைப்பாம்பு.

மஞ்சணத்தான் விருட்டென்று பறந்து எதிர்க் கொம்பில் போய் உட்கார்ந்தான்.

“அட, ஏன் பயப்படறீங்க, மேஸ்திரி? நான் உங்க வேலையைப் பாராட்ட வந்தவன்” என்றது சாரை. “முதல்ல இந்தக் கிளை. அடடா! எத்தனை மரம் ஏறியிருக்கேன்! கொஞ்ச தூரம் போனதும் கொம்பு வளையும், வயித்தைக் கலக்கும், பொத்துன்னு தண்ணியில விழணும். இங்கே பாருங்க, அடியிலிருந்து நேரா வாசல் வரைக்கும் ராஜபாட்டை!”

கருங்கண்ணி தத்தித் தத்தி நடந்ததும், தரையைப் பார்த்ததும் இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

“அப்புறம் இந்த நடை!” என்று சாரை தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்தது. “என் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு. வழவழன்னு, ஒரு செதில்கூட உரசலை. விளக்கு வேற! இருட்டுல முட்டையைத் தடவித் தேடற சிரமம் உங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு!”

“ரெ… ரெண்டு வாசல்…” என்றான் மஞ்சணத்தான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“பார்த்தேன், பார்த்தேன்! ஒண்ணுல தலை, இன்னொண்ணுல வால். குஞ்சு எந்தப் பக்கமும் ஓட முடியாது. சாப்பிட்டுட்டு மேல்மாடத்துல ஒரு தூக்கம். இதைவிட ஒரு பாம்புக்கு என்ன வேணும், சொல்லுங்க?” சாரை கீழே குனிந்தது. “ஏம்ப்பா ஓணானு, நான் சொல்றது சரிதானே?”

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

“நீயும் நல்ல கொழுகொழுன்னு ரசனையான ஆளாத்தான் தெரியறே!” என்று சாரை நாக்கை நீட்டியது.

ஓணானின் நிறம் மூன்று தடவை மாறியது. தலையாட்டல் நின்றது. தொப்பென்று தரையில் குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி மறைந்தது.

சாரை அதைப் பொருட்படுத்தவில்லை. “சரி, மேஸ்திரி, குடி எப்போ வருது? அவசரம் இல்லை. முட்டை போட்டதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா போதும்.”

மஞ்சணத்தான் தன் மாளிகையைப் பார்த்தான். அறை அறையாக, வாசல் வாசலாகப் பார்த்தான். இத்தனை நாளும் தான் யாருக்காகக் கட்டினோம் என்பது இப்போது தெரிந்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி முடிச்சுவரை, சாரைக்காகத்தான் கட்டியிருந்தான்!

“குடி வராது” என்றான்.

“என்னது?”

“நான் விட்டுட்டேன். நீங்களே வச்சுக்குங்க!”

சொல்லிவிட்டானே தவிர, விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சாரை மேல்மாடத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வாசலிலிருந்து நான்கு நார்களையாவது உருவிக்கொண்டு போகலாம் என்று பார்த்தான். இழுத்தான். படக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் ஒடிந்தது. பழைய நார் எல்லாம் காய்ந்து குச்சியாகியிருந்தது. மாளிகை மாளிகையாகத்தான் நிற்கும். அதிலிருந்து ஒரு கூட்டுக்கான நார்கூடத் தேறாது.

அழ நேரமில்லை. குளத்தை ஒருமுறை சுற்றிப் பறந்தான். எங்கும் நாணல் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. எதிர்க்கரையில், பாறை இடுக்கில் ஊற்று கசியும் ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அங்கிருந்து நார் உரித்து, குளத்தைக் கடந்து, அந்த நுனிக்கொம்புக்கு வந்தான்.

கொம்பு ஆடியது. தடித்த கிளையில் போட்டுப் பழகிய முடிச்சு இதில் நிற்கவில்லை, நழுவியது. அவிழ்த்தான், மறுபடி போட்டான். நழுவியது. சடையன் தன் கூட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“மாப்ளே, கொம்பு ஆடுறப்போ நீயும் சேர்ந்து ஆடு. நிக்கறப்போ போட்ட முடிச்சு ஆடறப்போ நழுவும்.”

“எனக்கே முடிச்சு சொல்லித் தரியாடா?”

“சரி, வேண்டாம்னா விடு.”

முடிச்சு இன்னொரு தடவை நழுவியதும், “எப்படி ஆடணும்?” என்று மஞ்சணத்தான் மெல்லக் கேட்டான்.

மரமே வேடிக்கை பார்த்தது. “என்ன பெரிய மேஸ்திரி! பாதிக் கூடா?” என்றது ஒரு குருவி. “பாதிப் பாட்டுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்களே!” என்றது இன்னொன்று. மஞ்சணத்தானுக்குக் காது சுட்டது. ஆனாலும் பாதியோடு நிறுத்தினான். குறுக்குக் கயிற்றில் உட்கார்ந்தான். குரல் நடுங்க, “வாங்க! வாங்க!” என்று கூவினான்.

ஒன்றிரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு வீடு அமைஞ்சிடுச்சு” என்று சொல்லிப் போனார்கள். மறுபடி கூவினான். மேகம் கலையத் தொடங்கியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் மிச்சமிருந்த பச்சை இன்னும் ஒரு பாதிக் கூட்டுக்குத்தான் காணும்.

கருங்கண்ணி வந்தாள்.

முதலில் கொம்பில் இறங்கினாள். அது அவள் பாரத்துக்கே வளைந்தது. திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டாள். கீழே பார்த்தாள், தண்ணீர். பிறகு கூட்டுக்கு வந்தாள். ஓர் இழையை அலகால் பிடித்துத் தன் பலம் எல்லாம் கொடுத்து இழுத்தாள். இழை வரவில்லை. கயிற்றில் ஆடினாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள்.

“வாசல் பக்கம் காத்துக்கு எதிரா இருக்கு” என்றாள். “சாரல் உள்ளே அடிக்கும்.”

மஞ்சணத்தான் மாளிகை அறைகளைப் பற்றியோ, எதிர்க்கரையிலிருந்து நார் சுமந்த பாட்டைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. மேலே ஏறினான். கூட்டைத் தாங்கிய மேல் முடிச்சை அலகால் கவ்வினான்.

“ஐயையோ! என்ன செய்யறீங்க?” என்று கருங்கண்ணி கத்தினாள்.

“அறுக்கறேங்க. உங்களுக்குப் பிடிக்கலையே” என்று முடிச்சைக் கவ்விய வாயோடு குழறினான்.

“பிடிக்கலைன்னு யார் சொன்னா? வாசலைத் திருப்புங்கன்னுதானே சொன்னேன்! மேலே ரெண்டு முடிச்சை மாத்திப் போட்டா திரும்பிடுமே! மூணு பாடத்துல முதலாம்!”

மஞ்சணத்தான் முடிச்சை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்தான்.

“முதல்ல வாயிலிருந்து முடிச்சை விடுங்க” என்றாள் கருங்கண்ணி. “நான் உட்கார்ந்திருக்கேன். அறுத்தா ரெண்டு பேரும்தான் தண்ணியில விழணும்.”

அப்போதுதான் கவனித்தான். அவள் கயிற்றிலிருந்து இறங்கவே இல்லை. ஊஞ்சல் நின்ற பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்!

அந்த மழையின் கடைசிப் பச்சையில் ஒரு சின்னக் கூடு முடிந்தது. ஓர் அறை, ஒரு வாசல். மேல்மாடம் கிடையாது. மஞ்சணத்தான் அதற்கு மேல் ஒரு நார்கூடச் சேர்க்கவில்லை. அலகு துறுதுறுக்கத்தான் செய்தது. ஆனால் எதைச் சேர்ப்பதானாலும், “இது வேணுமா?” என்று முதலில் உள்ளே தலையை விட்டுக் கேட்டான். “வேண்டாம்” என்று பதில் வந்தது. சில நாளில் அந்தப் பதிலோடு சேர்த்துக் கீச்சுக் கீச்சென்று சின்னக் குரல்களும் வந்தன.

தடித்த கிளை மாளிகையில், என்றாவது ஒரு குருவி குடி வரும் என்று சாரைப்பாம்பு காத்துக்கொண்டே இருந்தது. வயிறு ஒட்டி, உடம்பு கயிறாகிப்போனது. கீழே கரையில் தவளைகள் கொழுத்துக் கத்தின. வழியில் போன பெருச்சாளி ஒன்று அண்ணாந்து பார்த்து, “ஏன் சாரையாரே, இறங்கி வந்து இரை தேடக் கூடாதா?” என்று தூரத்தில் நின்றபடி கேட்டது.

“எப்படி இறங்குவேன்?” என்றது சாரை, ஈனக்குரலில். “இத்தனை நாள் காத்திருந்ததெல்லாம் வீணாயிடுமே!”

போன உழைப்பு அழுதாலும் திரும்பாது. இனி போடப்போகும் உழைப்பு யாருக்குப் பயன்படும், அதற்காக எதை இழக்கிறோம் என்று பார்த்து நடப்பவரே பிழைப்பார்.